அரிசிப் பானையில் பழுக்காத பழம்

போன வருஷம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் தேன் லீமாவ் என்ற ஆரஞ்சு வகை மரத்திலிருந்து முப்பது காயைப் பறித்துவிட்டேன். மலாயில் தேனுக்கு மாடு என்று பெயர், பாசாரில் லீமாவ் மாடு என்றுதான் அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) பக்கம் தேன் லீமாவ் என்று சொல்லிப் பழகிவிட்டோம். கிள்ளானிலிருந்து சின்னம்மா குடும்பம் வருகிறது, போகும்போது ஆளுக்குப் பத்துப் பழம் கட்டிக்கொடுக்கலாம் என்று ஆசை. ஒரு காயை உரித்துப் பார்த்தேன், புளிப்பு. பக்கத்து வீட்டு அத்தை, "அரிசிப் பானையில புதைச்சு வை கண்ணு, பத்து நாள்ல தானா பழுத்துரும்" என்றார். தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான் அது. மாங்காய், சீத்தாப்பழம், சிக்கு எல்லாம் லயத்து வீட்டு அரிசிப் பானையில்தான் பழுத்தன. நானும் புதைத்தேன். பத்து நாள் கழித்து எடுத்தால் தோல் கொஞ்சம் மஞ்சளாகி, கைக்கு மெத்தென்று இருக்கிறது. சின்னம்மா பேத்தி ஒரு சுளையை வாயில் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு தட்டில் திருப்பி வைத்தது. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. வருஷம் முழுக்கத் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம், எட்டு மாதம் காத்திருந்த காய், கடைசி ஒரு மாதம் பொறுக்காமல் பறித்துக் கெடுத்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் இதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஒரு வருஷமாகப் படித்ததையும் மரத்தடியில் நின்று பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன், வீட்டில் லீமாவ் மரம் வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

முதலில் அந்த அரிசிப் பானை. மாங்காய் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். பானைக்குள் அது வெளியே போக வழியில்லாமல் தங்கி, காயை இன்னும் வேகமாகப் பழுக்க வைக்கும். ஆனால் பழுக்க உள்ளே சரக்கு வேண்டுமே. முற்றின மாங்காய்க்குள்ளும் வாழைக்காய்க்குள்ளும் மாவுச்சத்து நிறைய இருக்கிறது, பறித்த பிறகு அந்த மாவுதான் உடைந்து சர்க்கரையாகிறது. ஆரஞ்சு, எலுமிச்சை, பம்பளிமாஸ், தேன் லீமாவ் இந்தக் குடும்பத்துச் சுளைகளில் அப்படிச் சேர்த்து வைத்த மாவுச்சத்து கிடையாது. எத்திலீன் பட்டால் தோலில் இருக்கும் பச்சையம் சிதைந்து மஞ்சள் வெளியே தெரியும், அவ்வளவுதான், அது தோலோடு நின்றுவிடும். காம்பை வெட்டின நிமிஷத்தில் உள்ளே எவ்வளவு சர்க்கரை இருந்ததோ அதுதான் கடைசிக் கணக்கு.

அப்படியானால் சர்க்கரை எங்கிருந்து வருகிறது? இலையிலிருந்து. வெயிலில் இலை சமைக்கிற சர்க்கரை, நாம் சீனி என்று சொல்கிற அதே சுக்ரோஸ், பட்டைக்குள் ஓடும் சல்லடைக் குழாய்கள் வழியாகக் காம்புக்கு வந்து காய்க்குள் இறங்குகிறது. ஆரஞ்சை உரிக்கும்போது சுளை மேல் வெள்ளை வெள்ளையாக நார் ஒட்டியிருக்குமே, பிள்ளைகள் பிய்த்துப் போடுவார்கள், அதுதான் அந்தக் குழாய். நான் நாற்பது வருஷமாக அதைக் குப்பை என்றே நினைத்திருந்தேன். இதில் முக்கியமான விஷயம், அந்த நார் சுளையின் வெளித்தோலோடு நின்றுவிடுகிறது. உள்ளே முத்து முத்தாக இருக்கும் சாற்றுப் பைகளுக்குள் ஒரு நரம்புகூடப் போவதில்லை. ஒவ்வொரு முத்தும் ஒரு மெல்லிய காம்பில் தொங்குகிறது. சர்க்கரை அந்தக் காம்பு வழியாக உயிரணு உயிரணுவாகக் கை மாறித்தான் உள்ளே போக வேண்டும். பிறகு மாதக்கணக்கில் ஆகாமல் என்ன செய்யும்!

அடுத்தது புளிப்பு. காயில் இருந்த புளிப்புதான் பழுக்கும்போது இனிப்பாக மாறுகிறது என்று நானும் நம்பியிருந்தேன், கேட்ட பத்துப் பேரில் ஒன்பது பேரும் அப்படித்தான் சொன்னார்கள். நடப்பது கிட்டத்தட்ட தலைகீழ். இலை அனுப்பும் சர்க்கரையில் ஒரு பங்கை எடுத்து, சாற்றுப் பை உயிரணுக்கள் தாமே சிட்ரிக் அமிலம் செய்கின்றன. உயிரணுவுக்குள் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாவில் நடக்கிற வேலை அது. நம் உடம்பிலும் இதே சிட்ரிக் அமிலம் ஒவ்வொரு நொடியும் உண்டாகி அடுத்த நொடியே செலவாகிறது. லீமாவ் காயில் மட்டும் அது செலவாகாமல் சேர்கிறது. சேர்த்து வைக்க ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஒரு பெரிய நீர்ப்பை இருக்கிறது, பாடநூலில் நுண்குமிழ் என்று போட்டிருப்பார்கள், முற்றின சாற்றுப் பையில் உயிரணுவின் இடத்தில் பெரும்பகுதி அதுதான். நாம் பிழிந்து குடிக்கிற சாறு ஏறக்குறைய அந்த நீர்ப்பைத் தண்ணீர்.

எலுமிச்சையில் அந்த நீர்ப்பைக்குள் பிஎச் அளவு 2 பக்கம் இருக்கும். அதற்கு வெளியே, அதே உயிரணுவுக்குள், 7 பக்கம். ஒரு எண் குறைந்தால் புளிப்புத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பது கணக்கு, அப்படிப் பார்த்தால் ஒரு மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் பம்பு மாதிரி, புளிப்பைத் தரும் புரோட்டான்களை உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் இது நிற்கிறது. 2019ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழு இதில் ஒரு அழகான விஷயத்தைக் கண்டுபிடித்தது. அவர்கள் பெட்டூனியா பூவின் நிறத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள். பூவிதழில் இருக்கும் ஒரு பம்பு வேலை செய்தால் இதழ் சிவப்புப் பக்கம் சாய்கிறது, செய்யாவிட்டால் நீலம் தட்டுகிறது. அதே வகைப் பம்புதான் எலுமிச்சையைப் புளிக்க வைக்கிறது, புளிப்பே இல்லாத எலுமிச்சை, ஆரஞ்சு ரகங்களில் அந்தப் பம்புக்கான மரபணுக்கள் அடங்கிப்போயிருக்கின்றன என்று காட்டினார்கள். பெட்டூனியாவையும் எலுமிச்சையையும் ஒரே கயிற்றில் கட்ட முடியும் என்று யார் நினைத்திருப்பார்கள், இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இந்த வருஷம் நிதானமாகப் பார்த்தேன். பிப்ரவரியில் நல்ல வறட்சி, மார்ச் முதல் மழைக்கு மரம் பூத்துக் கொட்டியது, இந்தக் குடும்பத்து மரங்களுக்கு நம் ஊரில் அதுதான் பழக்கம், காய்ந்து கிடந்து நனைந்தால் பூக்கும். முதல் ஒன்றரை மாதம் காய்க்குள் பார்க்க ஒன்றும் இல்லை, முழுக்கத் தோலும் வெள்ளைச் சதையும்தான், உயிரணுக்கள் பிரிந்து பிரிந்து எண்ணிக்கையில் பெருகுகிற காலம் அது. அப்புறம் எண்ணிக்கை நின்று ஒவ்வொரு உயிரணுவும் ஊதத் தொடங்குகிறது, முத்துகள் சாறு கட்டுகின்றன, புளிப்பு ஏறுவது இந்தக் கட்டத்தில்தான். எங்கள் மரத்தில் ஜூலைக் காயைத் தொட்டு நக்கவே முடியவில்லை. அங்கிருந்து புளிப்பு இறங்குமுகம். காய் பெருக்கப் பெருக்க உள்ளே தண்ணீர் சேர்ந்து அமிலம் நீர்த்துப்போகிறது, அது ஒன்று. கூடவே, சேர்த்து வைத்த அமிலத்தை உயிரணுக்கள் மெதுவாக வெளியே எடுத்து மூச்சுக்கும் மற்ற வேலைக்கும் செலவழிக்கின்றன. இதே சமயத்தில் இலையிலிருந்து சர்க்கரை ஒரு நாள் விடாமல் வந்துகொண்டிருக்கிறது. ஒரு கணக்கு இறங்க, இன்னொரு கணக்கு ஏற, எங்கோ ஓர் இடத்தில் நம் நாக்குக்கு அது பழம். எலுமிச்சையிலும் லீமாவ் நிப்பிஸ் என்ற சின்ன எலுமிச்சையிலும் இந்தச் செலவு ஏறக்குறைய நடப்பதே இல்லை, கடைசி வரைக்கும் சேமிப்புதான், அதனால்தான் அது எத்தனை நாள் மரத்தில் தொங்கினாலும் ஊறுகாய்க்கு ஆகிறது.

இதையெல்லாம் அளந்து பார்க்க எழுபது வெள்ளிக்கு ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினேன். சாண் நீளக் குழாய். ஒரு நுனியில் சாய்வான கண்ணாடி, அதில் இரண்டு சொட்டுச் சாறு விட்டு, மூடியை அமுக்கி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் கண்ணை வைத்துப் பார்த்தால் நீலமும் வெள்ளையுமாக ஒரு வட்டம் தெரியும், இரண்டும் சேருகிற கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் பிரிக்ஸ். நூறு கிராம் சாற்றில் எத்தனை கிராம் கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்டுக் காய் 7 காட்டியது. சரி, எலுமிச்சை எவ்வளவு காட்டும் பார்ப்போம் என்று வைத்தேன். 8! எலுமிச்சை எங்கள் லீமாவைவிட இனிப்பா? கருவி கெட்டுப்போனது என்று நினைத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், சரியாகப் பூஜ்யத்தில் நிற்கிறது.

கருவி சரிதான், நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். அது சர்க்கரையைத் தனியாகப் பார்ப்பதில்லை, சாற்றில் கரைந்த எதுவும் வெளிச்சத்தை வளைக்கும், அந்த வளைவைத்தான் அளக்கிறது. எலுமிச்சையில் கரைந்திருப்பதில் பெரும்பங்கு சிட்ரிக் அமிலம், நூற்றுக்கு 5, 6 பங்கு, சர்க்கரை 2 பங்குதான் தேறும். பழுத்த ஆரஞ்சில் அமிலம் 1 பங்கு அல்லது அதற்கும் குறைவு, மீதி ஏறக்குறைய எல்லாம் சர்க்கரை. அதனால் பிரிக்ஸை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, அமிலத்தையும் அளந்து ஒன்றை இன்னொன்றால் வகுத்துப் பார்க்க வேண்டும். பிரிக்ஸ் 10, அமிலம் 1 என்றால் விகிதம் 10, அது சாப்பிட நன்றாக இருக்கும். அதே 10 பிரிக்ஸில் அமிலம் 2 என்றால் விகிதம் 5, பல் கூசும். சர்க்கரை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அமிலத்தை அளக்க ஆய்வுக்கூடத்தில் காஸ்டிக் சோடா விடுவார்கள், வீட்டில் அதைத் தொடவே வேண்டாம். வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கச் சமையல் சோடாவே போதும். ஒரு கிராம் சிட்ரிக் அமிலத்தை முறிக்க 1.3 கிராம் சோடா வேண்டும். அரை கிளாஸ் எலுமிச்சைச் சாற்றில், அதாவது 100 மில்லியில், கிட்டத்தட்ட இரண்டு தேக்கரண்டி போடும் வரைக்கும் நுரைத்துப் பொங்கிக்கொண்டே இருக்கும். நல்ல பழுத்த ஆரஞ்சுச் சாறு கால் தேக்கரண்டியோடு ஓய்ந்துவிடும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துச் செய்து காட்டுங்கள், பெரிய கிளாஸாக எடுங்கள், மேசையில் வழியும்.

ஒரே பழத்துக்குள்ளேயே வித்தியாசம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆரஞ்சைக் குறுக்கே வெட்டினால் காம்புப் பக்கத்துப் பாதியைவிட அடிப்பக்கத்துப் பாதி இனிப்பு கூட. வெயில் படும் வெளிக்கிளைப் பழம், உள்ளே நிழலில் ஒளிந்திருக்கும் பழத்தைவிட இனிப்பு.

இப்போது அப்பா. அவருக்கு எழுபத்து மூன்று வயது, முப்பத்தொரு வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறின பிறகுதான் இந்தத் தாமானுக்கு வந்தோம். சர்க்கரை பட்டைக்குள் இறங்குகிறது, கிளையின் பட்டையில் ஒரு வளையம் கீறிவிட்டால் கீழே போக வழியில்லாமல் அந்தக் கிளைக் காய்களுக்கே போகும், சில நாடுகளில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் இப்படிச் செய்கிறார்கள் என்று சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சுத்தி வெட்டுனா மரம் செத்துப்போகும்மா. பால் மரத்துல பாதிச் சுத்துதான் வெட்டுவோம், ஏன்னு நெனச்ச?" எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் சொல்வது நான் புத்தகத்தில் படித்த அதே விஷயம். ரப்பர் பால் குழாய்களும் உள்பட்டையில்தான் இருக்கின்றன, சர்க்கரைக் குழாய்களும் அங்கேதான். முழுச் சுற்றும் வெட்டினால் இலையிலிருந்து வேருக்குச் சாப்பாடு போகாது, வேர் பட்டினி கிடக்கும். கத்தி மரக்கட்டையில் படாமல் ஒரு மில்லிமீட்டர் போலப் பட்டையை விட்டு வெட்ட வேண்டும், கட்டையில் பட்டால் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டு முண்டாக வரும், அப்புறம் அங்கே வெட்டவே முடியாது, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் திட்டுவார். இதெல்லாம் அவர் விரலில் இருக்கிறது.

அடிமரத்தில் இல்லை, ஒரே ஒரு கிளையில், மெல்லிசாக ஒரு கோடு, ஒரு மாதத்தில் தானே மூடிக்கொள்ளும் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை, ஸ்டோரிலிருந்து தன் பழைய பால் கத்தியை எடுத்து வந்தார், துரு துடைத்து, கல்லில் தீட்டினார். பிறகு, இது வளைந்த கத்தி, இந்த வேலைக்கு ஆகாது என்று அதைக் கீழே வைத்துவிட்டு, சமையல் கத்தியின் நுனியால் செய்தார். கட்டைவிரலைப் பட்டையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பெருவிரல் தடிமன் கிளையைச் சுற்றி ஒரே இழுப்பு. கீறின இடத்தில் பச்சை தெரிந்தது, அதற்கு உள்ளே ஈரமான வெள்ளை, கட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. நானாக இருந்தால் கிளையையே முறித்திருப்பேன். அக்டோபரில் கீறல் மூடிவிட்டது. நவம்பர் கடைசியில் அந்தக் கிளைப் பழங்கள் 11, மற்றக் கிளைப் பழங்கள் 10. ஒரு மரத்து ஒரு கிளையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று தெரியும், ஆனாலும் கருவியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு அப்பா ஒன்றுமே பேசாமல் இன்னொரு பழத்தை உரித்துக் கொடுத்தாரே, அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மழையைப் பற்றிக் கொஞ்சம். நம் பக்கம் அக்டோபர், நவம்பரில் கொட்டுகிற மழையில் காய் தண்ணீரை இழுத்து ஊதும், சர்க்கரையும் அமிலமும் சேர்ந்தே நீர்த்துப்போகும். ஒரு வாரம் அடைமழைக்குப் பிறகு பறித்த பழம் சப்பென்று இருக்கும். நாலைந்து நாள் வெயில் காய விட்டுப் பறித்தால் தேவலாம். சூடான ஊர்களில் புளிப்பு சீக்கிரம் செலவாகிவிடும், குளிர் ஊர்ப் பழத்தில் தங்கும், அதனால்தான் அங்கே விளைந்த ஆரஞ்சில் இனிப்போடு ஒரு சுறுசுறுப்பும் இருக்கிறது. நிறமும் அப்படியே. இரவு நன்றாகக் குளிர்ந்தால்தான் தோலின் பச்சை போகும். நம் ஊரில் இரவிலும் புழுக்கம், பழம் உள்ளே தேனாக இருக்கும்போது வெளியே பச்சையாகவே நிற்கும். சீனப் புத்தாண்டுக்கு வருகிற ஆரஞ்சு நிறத்தை மனசில் வைத்துக்கொண்டு நம் பழத்தைக் காய் என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் இப்போது நிறத்தைப் பார்ப்பதில்லை. கையில் எடுத்தால் கனக்க வேண்டும், தோல் வழவழப்பாகி எண்ணெய்ப் புள்ளிகள் விரிந்து தெரிய வேண்டும்.

தம்புன் சாலைக் கடைகளில் பம்பளிமாஸ் வாங்குகிறவர்கள் தோல் சுருங்கின பழத்தைத் தேடி எடுப்பார்களே, அப்படியானால் பறித்த பிறகும் இனிக்கிறதுதானே என்று அத்தை கேட்டார். நல்ல கேள்வி. பறித்த பிறகும் பழம் மூச்சு விடுகிறது, அந்த மூச்சில் அமிலம் கொஞ்சம் கரையும், தண்ணீரும் கொஞ்சம் வற்றும். தடித்த தோல் இருப்பதால் பம்பளிமாஸ் கெடாமல் வாரக்கணக்கில் அப்படி இருக்க முடிகிறது, புளிப்பு குறைந்தால் நாக்குக்கு இனிப்பு தூக்கலாகத் தெரியும். முற்றிப் பறித்த பழத்துக்கு அது சரி. நான் பறித்த மாதிரி இளம் காய்க்கு எந்தப் பானையும் உதவாது.

கடைசியாக ஒன்று, இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு மரத்தில் பழம் சின்னதாக, ஒரு பக்கம் கோணி, அடிப்பக்கம் பச்சையாகவே நிற்க, உள்ளே கசப்பும் புளிப்புமாக இருந்தது. விதைகள் சுருங்கிக் கறுத்திருந்தன. இலையில் நடு நரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி மஞ்சள் திட்டு. உரம் போதவில்லை என்று அவர்கள் மூட்டை மூட்டையாகப் போட்டிருக்கிறார்கள். அந்த அறிகுறிகள் எல்லாம் சேர்ந்தால் அது சிட்ரஸ் கிரீனிங், சீனப் பெயர் ஹுவாங்லாங்பிங். மலேசியாவில் எத்தனையோ லீமாவ் தோட்டங்களை அழித்த நோய். அதன் கிருமி வாழ்வது சர்க்கரை ஓடும் அந்தச் சல்லடைக் குழாயில்தான். குழாய் அடைத்துக்கொள்ள, இலை செய்த சாப்பாடு இலையிலேயே மாவாகத் தேங்குகிறது, காய்க்கு வருவதில்லை. வழி அடைபட்ட பிறகு மூட்டை உரம் என்ன செய்யும், இதற்கு மருந்தும் இல்லை, மரத்தை எடுக்க வேண்டியதுதான்.

இதைப் பரப்புவது சில்லிட் என்ற பூச்சி, மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், தலையைக் கீழே வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும். தளிரில்தான் முட்டையிடும். அது விரும்பி வாழும் இன்னொரு செடி நம் எல்லார் வீட்டு வாசலிலும் இருக்கிறது, கறிவேப்பிலை. எங்கள் வீட்டில் கறிவேப்பிலையும் லீமாவும் நாலடி இடைவெளியில் நிற்கின்றன, அம்மா வைத்த செடி, வெட்ட மனசு வரவில்லை. அதனால் தளிர் விடும்போதெல்லாம் இரண்டு நாளைக்கு ஒருமுறை டார்ச் அடித்து இலையைத் திருப்பிப் பார்க்கிறேன், வெள்ளை மெழுகு நூல் மாதிரி ஏதாவது தொங்கினால் அந்தக் கொழுந்தைக் கிள்ளிப் பையில் கட்டிவிடுகிறேன். குழம்புக்குப் பறிக்கும்போது முதலில் கொழுந்தையே பறிக்கச் சொல்லி வீட்டில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

இன்று டிசம்பர் ஏழு. மரத்தில் இன்னும் பதினேழு பழம் இருக்கிறது. ரொம்ப நாள் விட்டாலும் காம்புப் பக்கத்து முத்துகள் வறண்டு சக்கையாகிவிடும், அதனால் அடுத்த சனிக்கிழமை, மழை இல்லாவிட்டால், எல்லாவற்றையும் பறித்துவிடப் போகிறோம். பத்துப் பழம் கிள்ளானுக்கு. சின்னம்மா பேத்திக்கு மட்டும் அப்பா கீறின கிளையிலிருந்து.